என் தலை கணக்கில் வராது

பிரெய்ரி ஃபோர்க்
செப்டம்பர் 5, வியாழன், பகல் ஒரு மணி

மதிப்பும் பாசமும் மிகுந்த ஆர்டிஸ் அக்காவுக்கு, தம்பி ரோலண்ட் எழுதுவது. நானும் கோலீனும் நலம், வயலில் மக்காச்சோளமும் நலம், என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல. அரிசோனாவில் நீயும் அத்தானும் உங்கள் நீச்சல் குளமும் அதே மாதிரி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அழைப்புக் கடிதம் வந்தது. அக்டோபர் முதல் தேதியே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, ரிட்டையர் ஆன மனுஷனுக்கு அங்கே என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று கேட்டிருந்தாய். அக்கா, வர முடியாது. டிசம்பர் பதிமூன்றாம் தேதிவரை முடியவே முடியாது. நான் காலேஜில் சேர்ந்திருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? அத்தானைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டிவிட்டாயா? சரி, இப்போது மேற்கொண்டு படி. இந்த அறுபத்தெட்டு வயதில் நான் ஊரைவிட்டு நகர முடியாமல் இருப்பது எனக்காக இல்லை, யெசெனியா என்ற ஒரு பெண்ணுக்காக. அவள் யார் என்று உன் புருவம் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது. சொல்கிறேன், வரிசையாகச் சொல்கிறேன்.

மே மாதம் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன் அல்லவா, முப்பத்தொரு வருஷம், ஒரே ரூட், நானூற்றுப் பதினாறு வீடு. மறுநாளிலிருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கோலீனின் சமையலறை இழுப்பறைகளைத் தெரு வாரியாக அடுக்குவது போல அடுக்கினேன். தேங்காய்த்துருவல் டப்பாவும் பேக்கிங் சோடாவும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று எனக்குப் பட்டது, அவளுக்குப் படவில்லை. தினமும் பதினொன்று இருபதுக்கு வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்று, என் இடத்துக்கு வந்த புதுப் பையன் எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்துவைத்தேன். அவன் அரைக்கால் சட்டை போட்டு வருகிறான், அது வேறு விஷயம். ஜூன் மூன்றாம் வாரம் அவன் எங்கள் வீட்டுக்கு மட்டும் பெட்டியில் போடாமல் தூரத்திலிருந்தே தபாலை வீசிவிட்டுப் போக ஆரம்பித்தான். அன்றைக்கு விழுந்ததில் நம் ஊர் சமுதாயக் கல்லூரியின் வகுப்புப் பட்டியல் புத்தகம் இருந்தது. கோலீன் அதைப் பொறுக்கி என் மடியில் வைத்தாள்.

"ஏங்க, இந்த வீட்டை விட்டு யாராவது ஒருத்தர் வெளிய போயாகணும். வாரத்துல ரெண்டு நாளாவது. நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நான் வெல்டிங் எடுத்தேன். ஏன் வெல்டிங் என்று கேட்காதே. நம் வீட்டுத் தபால்பெட்டிக் கம்பத்தை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனி தள்ளும் வண்டி முறித்துவிட்டுப் போகிறது, இரும்பில் ஒன்று செய்து நட்டால் வண்டி முறியட்டும் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். அதோடு மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் இடம் காலியாக இருந்தால் கல்லூரிக் கட்டணம் இல்லாமல் உட்காரலாம். நாற்பது வருஷம் இந்தக் கல்லூரிக்கு வரி கட்டியிருக்கிறேன், ஒரு டாலர்கூடத் தரமாட்டேன் என்று கோலீனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இலவசம் என்றால் கட்டணம் மட்டும்தான் இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. பட்டறையில் எரிகிற வாயுவுக்கும் இரும்புக்கும் தொண்ணூற்றைந்து, மாணவர் நலனுக்கு முப்பத்தெட்டு, வண்டி நிறுத்த இருபத்தைந்து, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் நூற்றிருபது, முகக்கவசம் எண்பத்தொன்பது, புத்தகம் நூற்றுப்பன்னிரண்டு. ஆக மொத்தம் இலவசத்துக்கு நானூற்று எழுபத்தொன்பது டாலர் ஆயிற்று. மாணவர் நலன் என்றால் என்ன என்று கேட்டேன், பேஸ்கட்பால் ஆட்டம் இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். போய்ப் பார்க்கத்தான் போகிறேன், விடுவேனா.

சேருவது லேசுப்பட்ட காரியம் இல்லை அக்கா. பள்ளி முடித்த சான்று வேண்டும் என்றார்கள். நம் பள்ளிக்கூடம் எண்பத்துமூன்றில் பக்கத்து ஊரோடு சேர்ந்தது, அது தொண்ணூற்றொன்றில் இன்னொரு ஊரோடு சேர்ந்தது, கடைசியில் என் மதிப்பெண் தாள் நாற்பது மைல் தள்ளி ஒரு பள்ளியின் கொதிகலன் அறையில் அட்டைப்பெட்டியில் கிடந்தது. அங்கிருந்த அம்மாள் நல்லவள், தேடித் தந்தாள், கூடவே நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் எடுத்த நூலகப் புத்தகம் இரண்டு இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னாள். ஒன்று நீ எடுக்கச் சொன்னது. பிறகு ஆலோசகர் என்று ஒரு தம்பி, இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கையைக் கோத்துக்கொண்டு, ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டான். லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் மேற்குப் பக்கம், ஏற்கெனவே இடம் வாங்கியாயிற்று என்றேன். அவன் அதைத் தட்டச்சு செய்தான். அப்புறம் படிவத்தில் ஒரு கேள்வி, உங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வரும் முதல் ஆள் நீங்களா என்று. அப்பா எட்டாவது, அம்மா பத்தாவது, நீ தட்டச்சு ஆறு மாதம். ஆமாம் என்று குறி போட்டேன். இங்கே பத்துக்கு நாலு பேர் அப்படித்தான் என்று அந்தத் தம்பி ஒரு தாளைக் காட்டினான். மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மாணவர்கள், பாதிக்குமேல் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், சராசரி வயது இருபத்துநான்கு. உங்களால் இந்த வருஷம் கொஞ்சம் ஏறும் என்றான். அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் வகுப்பு ஆகஸ்ட் இருபது, செவ்வாய், காலை எட்டே முக்கால். நான் தபால்காரன், எட்டு மணிக்கே போய்விட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பழைய காரில் ஒரு பெண் ஸ்டியரிங் மேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். கண்ணாடியைத் தட்டினேன், அசையவில்லை. பலமாகத் தட்டினேன், அசையவில்லை. நம் ரூட்டில் திருமதி ஓல்சன் இப்படித்தான் காரில் போய்ச் சேர்ந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். நாலு நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கல்லூரிக் காவலர், யாரென்று தெரியாத ஒரு நாய், எல்லாம் வந்துவிட்டன. சைரன் சத்தத்தில் அந்தப் பெண் எழுந்து கதவைத் திறந்து, மணி எட்டே முக்கால் ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். அப்படியானால் ஏன் எழுப்பினீர்கள் என்றாள். அவள்தான் யெசெனியா. இறைச்சி ஆலையில் இராத்திரி வேலை, ஏழு மணிக்கு முடியும், காரில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வகுப்புக்கு வருவாள். நான் வெட்கத்தில் அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் குடித்துவிட்டு, அடுத்த தடவை செத்தாலும் எட்டு நாற்பதுக்கு முன்னால் எழுப்பாதீங்க ஐயா என்றாள்.

வகுப்பில் நல்ல கூட்டம் என்று சொல்ல முடியாது. ராணுவத்திலிருந்து திரும்பி வந்த ஒருவன், பன்றிப் பண்ணை இளைஞர்கள் இரண்டு பேர், சவ வண்டி ஓட்டுகிற ஒருவர், இப்படி. வாத்தியார் கார்விக், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பேசவே மாட்டார். நான் முதன்முதலில் வைத்த வெல்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோழி எச்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். யெசெனியாவுடையதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். சில்லறையை அடுக்கிச் சாய்த்துவைத்த மாதிரி அப்படி ஒரு வரிசை. அந்தக் கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு, உலகமே இருட்டாகி, நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் குளம் மட்டும் உருகி நகர்கிறதே அக்கா, அதைப் பார்த்தால் முழங்கால் வலி தெரியாது. சரி, அது கிடக்கட்டும். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், அம்மா பார்த்துக்கொள்கிறாள். நெடுஞ்சாலைப் பக்கம் டிரெய்லர் வண்டி செய்கிற ஒரு தொழிற்சாலை இருக்கிறது. டிசம்பரில் சான்றிதழோடு வந்தால் பகல் வேலை தருகிறோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பகல் வேலை கிடைத்தால் குழந்தைகள் தூங்கும்போது இவளும் வீட்டில் இருக்கலாம். அரசாங்க உதவித்தொகைப் படிவத்துக்குத் தேதி தாண்டிவிட்டதால் கட்டணம் எழுநூற்று நாற்பத்தெட்டு டாலரையும் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையாகக் கட்டியிருந்தாள். இரண்டாம் நாளே இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் விசாரிக்கிற ஆள்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் இருக்கும் நடீன் என்னைக் கூப்பிட்டாள். அவள் அப்பா வீடு என் ரூட்டில் இருநூற்று ஐந்தாவது, சின்ன வயதிலிருந்து என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். இந்த வகுப்பை மூடப் போகிறார்கள் என்றாள். குறைந்தது பத்து பேர் வேண்டுமாம். செப்டம்பர் ஐந்து, மாலை ஐந்து மணிக்குத் தலைக்கணக்கு. அன்றைக்குப் பத்து இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வகுப்பைக் கலைத்துவிடுவார்கள், மறுபடி அடுத்த ஆகஸ்டில்தான். நான் விரல்விட்டு எண்ணினேன். எட்டு பேர் இருக்கிறோமே, இன்னும் இரண்டுதானே என்றேன்.

"ஏழு, அங்கிள். இலவசமா சேர்ந்தவங்க தலை கணக்குல வராது. பணம் கட்டின தலைக்குத்தான் ஸ்டேட் காசு குடுக்கும்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க இருக்கீங்க. ஆனா இல்ல."

அக்கா, யெசெனியாவின் முகம் என் கண்முன் வந்தது. இன்னும் ஒரு வருஷம் அந்த இரவு வேலை, அந்தக் கார் தூக்கம். அந்தப் பெண்ணுக்காக இதை நடத்திக்காட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மறுநாள் காலையே கூட்டுறவுக் களஞ்சியத்துக்குப் போனேன். அங்கே காலை எட்டிலிருந்து பத்துவரை காபி குடித்துக்கொண்டு விதை நிறுவனத் தொப்பி போட்ட நம் ஆட்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அர்லோதான் தலைவன், பன்றி வளர்த்து ஓய்ந்தவன். அரை மணி நேரம் பேசினேன். நாடு, இளைஞர் எதிர்காலம், இரும்பு என்று ஒரு பிரசங்கமே செய்தேன். என்ன விலை என்றான் அர்லோ. அறுபது தாண்டினவனுக்கு இலவசம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஐந்து பேரும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். இவர்கள் திருமண நாளுக்குக்கூட அந்த மேசையைவிட்டு எழுந்ததில்லை. மூன்று பிக்கப் வண்டிகளில் ஊர்வலமாகக் கல்லூரிக்குப் போனோம். நான் நடீன் முன்னால் அவர்களை வரிசையாக நிறுத்தி, ஐந்து என்றேன். அவள் ஒவ்வொருவர் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தாள். பிறகு தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"அங்கிள், அஞ்சு முட்டையைக் கொண்டு வந்திருக்கீங்க. கூட்டினா என்ன வரும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து வருகிறவன் எல்லாம் என்னைப் போல் கணக்கில் வராதவன்தானே. ஐந்து பேரில் இரண்டு பேர் பூட்ஸ் விலையைக் கேட்டதும் வந்த வழியே போய்விட்டார்கள். மூன்று பேர் ஒட்டிக்கொண்டார்கள். அர்லோ இன்னொருவனோடு கூட்டாக ஒரே முகக்கவசம் வாங்கலாமா, ஆளுக்கு ஒரு கண் என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான். கார்விக் அவனைப் பார்த்தபடியே நின்றாராம். மாணவர் அட்டையைக் காட்டினால் சினிமாவில் பாதி விலை என்று தெரிந்ததும் மூன்று பேரும் அன்றைக்கே ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார்கள், என்ன படம் என்று கேட்டால் தெரியாது, தூங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தாடையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மேசைமேல் அந்த வகுப்புப் பட்டியல் புத்தகம் கிடந்தது. ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி அதை எல்லா வீட்டுக்கும் அனுப்பும். முப்பத்தொரு வருஷம், நானூற்றுப் பதினாறு வீட்டுக்கும் நான்தான் போட்டேன். பிறர் தபாலை நாம் படிக்கக் கூடாது, அது மத்திய அரசுச் சட்டம். ஆனால் பிறர் படிப்பதை நாம் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. யார் அதை அப்படியே குப்பைத் தொட்டியில் போடுவார்கள், யார் அதில் தக்காளி நாற்று வைப்பார்கள், யார் மின்சார பில்லையும் மருத்துவ பில்லையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்று அதைப் பிரித்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா, நான் எழுந்து நின்றுவிட்டேன். பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பேக்கரி டார்லா. விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி எட்டு மணிக்கு அவள் வேலை முடிந்துவிடும். பதினோரு வருஷமாக அந்தப் புத்தகத்தை வாசலில் நின்று படிக்கிறவள். மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. பதினோரு வருஷமாகப் படிக்கிறாயே, ஏனம்மா ஒரு தடவைகூடச் சேரவில்லை என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கல ரோலண்ட். வான்னு யாராவது சொன்னா போயிருப்பேன்."

வா என்றேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். எட்டு.

அடுத்தது நம் தேவாலயத்துப் போதகர் இங்க்ரிட் அம்மாள், வயது நாற்பத்தொன்று. இவர் பெட்டியில் நான் போட்ட புத்தகம் மறுநாள் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும், அது எப்போதும் பட்டறை வகுப்புகள் இருக்கும் பக்கம். தேவாலயப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி நாலு வருஷமாக ஆடுகிறது. அதற்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு துணைக்குழு, துணைக்குழு மூன்று விலைப்பட்டியல் வாங்கி அதைப் படிக்க இன்னொரு குழு. நான் வாயைத் திறந்து வெல்டிங் என்றதும், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். கைப்பிடியைத் தானே பற்றவைத்துவிட்டு, கர்த்தர் இரவோடு இரவாகச் செய்தார் என்று குழுவிடம் சொல்லப்போவதாகவும் சொன்னார். ஒன்பது.

பத்தாவதுதான் என் உயிரை வாங்கியது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வர்ஜில். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை, நடுவில் ஆறு மணி நேரம் பேருந்துக் கொட்டகையில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு தன்னோடு தானே விளையாடுவான், அதிலும் ஏமாற்றுவான். மூன்று நாள் போனேன். முதல் நாள், அந்தப் புத்தகத்தைக் கரி அடுப்பு மூட்டத்தான் எடுத்துப் போனேன் என்றான். இரண்டாம் நாள், தனக்கு நெருப்பு என்றால் பயம் என்றான். மூன்றாம் நாள் கோலீன் செய்த உருளைக்கிழங்கு கேசரோலோடு போனேன், மேலே சீஸ் பொன்னிறமாக, இன்னும் கொதித்துக்கொண்டு. நான் எடுத்துவைத்த வாதம் எல்லாவற்றையும் அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். வாரம் ஒரு கேசரோல், டிசம்பர்வரை, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றான். போட்டுக் கொடுத்தேன். கோலீனிடம் அதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. நேற்று மாலை நாலு மணிக்கு வர்ஜில் பணம் கட்டினான். பத்து.

இன்று காலை வகுப்பில் நடீனே வந்து சொன்னாள். சவ வண்டி ஓட்டுகிறவர் கைதட்டினார், அவர் கைதட்டி யாரும் பார்த்ததில்லை. கார்விக், ம் என்றார். யெசெனியா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா, முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்கு வந்த நல்ல சேதியையெல்லாம் உறைக்குள் மூடியபடியே கொண்டுபோய்ப் போட்டவன் நான். ஒரு நல்ல சேதி என் கண்ணெதிரே ஒருத்தி முகத்தில் பிரிவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷத்தில் என் வெல்டுகூட இன்று ஒழுங்காக வந்தது. கார்விக் அதைப் பார்த்துவிட்டு, கோழிக்கு உடம்பு தேவலை என்றார்.

ஆகவே எல்லாம் யெசெனியாவுக்காகத்தான், உன் தம்பிக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை என்பதை அத்தானிடம் விளக்கமாகச் சொல்லவும். டிசம்பரில் அவள் கையில் சான்றிதழைப் பார்த்துவிட்டு மறுநாளே புறப்பட்டு வருகிறோம். கோலீன் உன்னைக் கட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னாள். அத்தானுடைய இடுப்புக்கும் உங்கள் ஏர் கண்டிஷனருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும். உன் எலுமிச்சை மரம் காய்க்கட்டும். நீ எனக்கு எப்போதும்போல் அக்காவாகவும் நான் உனக்கு எப்போதும்போல் தலைவலியாகவும் இன்னும் பல வருஷம் இருப்போமாக.

உன் தம்பி, இப்போது மாணவன்,
ரோலண்ட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: மாலை ஆறு மணி. உறையை ஒட்டிவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். நாலரை மணித் தபாலைத் தவறவிட்டேன், என் வாழ்நாளில் முதல் தடவை.

நாலு மணிக்கு யெசெனியா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று அழுதாள். குழந்தைகளுக்கு என்னவோ என்று பதறிவிட்டோம். அது இல்லை. டிரெய்லர் தொழிற்சாலையில் இரண்டு வெல்டர்கள் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டார்களாம். டிசம்பர்வரை காத்திருக்க முடியாது, சான்றிதழ் வேண்டாம், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வா, மிச்சத்தை நாங்களே சொல்லித்தருகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பகல் வேலை. அக்கா, அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், முழங்கால்தான் விடவில்லை. கோலீன் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் எனக்கு மெதுவாகக் கணக்கு ஓடியது. ஒன்பது.

அவள் அழுததும் அதற்குத்தான். இன்று ஐந்து மணிக்குள் விலகினால் கட்டிய பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், ஐந்துக்கு மேல் ஒரு செண்ட்கூடக் கிடையாது. விலகினால் வகுப்பு போய்விடும்.

"பேரு இருக்கட்டும் ஐயா. பணம் போனா போகுது. நீங்க எல்லாரும் எனக்காகத்தானே இவ்வளவும் பண்ணீங்க."

அது அவளுக்கு இரண்டு வாரச் சம்பளம். நான் கார் சாவியை எடுத்தேன். அவள் காரில் முன்னால் போனாள், நாங்கள் பின்னால். வழியில் கோலீன் கேட்டாள், கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை கெடச்சாச்சு. இனி கிளாஸ மூடினா உங்களுக்கு என்னங்க?"

இரண்டு மைல் ஓட்டினேன். டார்லா, போதகர், வர்ஜில் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அதுவும் முழு பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

நாலு முப்பத்தெட்டுக்கு நடீன் முன்னால் நின்றோம். யெசெனியா கையெழுத்துப் போட்டு விலகினாள். திரையில் பத்து ஒன்பதானது. என் இலவசத்தை ரத்து செய்துவிட்டுக் காசு கட்டுகிறவனாகச் சேர்த்துக்கொள் என்றேன். எழுநூற்று நாற்பத்தெட்டு டாலர் அங்கிள், அஞ்சு மணிக்கு மேல திரும்பக் கிடைக்காது, நிச்சயமா என்று நடீன் கேட்டாள். கோலீன் அதற்குள் காசோலைப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். இதை முதலிலேயே செய்திருந்தால் வர்ஜிலுக்குக் கேசரோல் செய்ய வேண்டாம் அல்லவா என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. நான் நிச்சயம் என்றேன். திரையில் ஒன்பது பத்தானது, பத்தாவது வரியில் என் பெயர் இருந்தது.

இந்தக் கடிதத்தை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை, செவ்வாய்க்கிழமை தேர்வு வேறு இருக்கிறது. அதனால் நீ ஒரு உதவி செய். ஒரு பேனாவை எடுத்துக்கொள். மேலே எங்கெல்லாம் யெசெனியாவுக்காக என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் அடித்துவிட்டு, எனக்காக என்று எழுதிப் படித்துக்கொள்.